மனைவி வெளிநாட்டு வேலைக்கு, பிள்ளைகள் உங்களோடு: குமரி மாவட்ட அப்பாக்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மனைவியை ஏற்றிவிட்டு, களியக்காவிளை தாண்டித் தக்கலை வந்து சேரும்போது விடியற்காலை நாலரை. பின் சீட்டில் மகளும் மகனும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று புதன்கிழமை, ஒன்றரை வயது மகனுக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள். பத்து மணிக்கு அட்டையைத் தேடினால் காணவில்லை. பீரோ, மேசை டிராயர், அவளுடைய பழைய பை, எங்கும் இல்லை. சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. குவைத்தில் ஹாஸ்டல் கட்டில், அதன்மேல் அவளுடைய நர்சிங் சர்டிபிகேட் ஃபைல், அதற்குள் மகனின் தடுப்பூசி அட்டை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. நம்ம மாவட்டத்தில் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன பெண்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்கள் போவதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று சொல்லித்தர ஏஜென்சி உண்டு, ஜங்ஷனுக்கு ஜங்ஷன் ஆள் உண்டு. பிள்ளைகளோடு ஊரில் நிற்கிற அப்பன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நான் முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் மனைவிக்கு விசா பேச்சு தொடங்கிய அன்றே இதை ஆரம்பியுங்கள், டிக்கெட் வந்த பிறகு பார்க்கலாம் என்று நினைத்தால் கண்டிப்பாக இரண்டு வேலை விட்டுப்போகும்.

1. முதலில் அவர் கையெழுத்து வேண்டியதெல்லாம்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை, கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை அவர் ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். இப்போதைக்கு அங்கே கூட்டிக்கொண்டு போகும் யோசனை இல்லை என்றாலும் எடுங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போடும் அனெக்சர் டி என்ற உறுதிமொழித் தாள் ஒன்று இருக்கிறது. அவர் இங்கே இருந்தால் அது ஒரு பேனா வேலை. அங்கே போய்விட்டால் அவர் இந்தியத் தூதரகத்தில் அஃபிடவிட் எழுதி அட்டெஸ்ட் வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு நாள் லீவு, தூதரகக் கட்டணம், கூரியர் செலவு, நமக்குப் பதினைந்து நாள் காத்திருப்பு. சிறுவர் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் 10 சதவீதம் தள்ளுபடி போக 900. ஐந்து வருஷம் செல்லும். நாங்கள் திருநெல்வேலி சேவா கேந்திராவுக்குத்தான் போனோம். பிள்ளையை நேரில் கொண்டு போக வேண்டும், நாலு வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கையில் வேண்டும்.

இதில் ஒரு பொறி. நம்ம ஊர் நர்ஸுகளில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்தது படிப்பு முடிந்த கையோடு, கல்யாணத்துக்கு முன்னால். அதில் கணவர் பெயர் இருக்காது. பிள்ளையின் விண்ணப்பத்தில் அது கேள்வியாக வரும், அதனால் கல்யாணச் சான்றின் அசலைக் கையோடு கொண்டு போங்கள். சபையில் கொடுத்த சான்று மட்டும் வைத்திருப்பவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்த சான்றை இந்தச் சாக்கிலேயே வாங்கிவிடுவது நல்லது.

அடுத்து வங்கி. வேலைக்காக வெளிநாட்டில் தங்கப் போகிறவர் இங்கே வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், அங்கேயிருந்து சம்பளம் அனுப்ப என்ஆர்இ என்ற இன்னொரு கணக்கு தனியாகத் தொடங்கலாம். அந்தக் கணக்குகளில் உங்கள் பெயரைச் சேர்த்தாலும் ‘முதலாமவர் அல்லது பிழைத்திருப்பவர்’ என்ற முறையில்தான் சேர்ப்பார்கள், அதாவது அவர் உயிரோடு இருக்கும்வரை நீங்களாகப் பணம் எடுக்க முடியாது. அதற்குத்தான் அவர் சார்பில் நீங்கள் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரமோ வங்கியின் மாண்டேட் கடிதமோ வேண்டும். இது எனக்குத் தெரியாது. மகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய நாளில் ஒரு வங்கிக் கவுன்டரில் நின்று, ‘மேடம் நேர்ல வரணும் சார்’ என்ற பதிலை மூன்று முறை கேட்டேன். மேடம் அப்போது குவைத்தில் ஐசியு வார்டில்.

பவர் பத்திரத்தையும் புறப்படும் முன்பே இங்கே எழுதிவிடுங்கள். அங்கே எழுதினால் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்ய வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

மகள் இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கை உங்கள் பெயரைக் காப்பாளராகப் போட்டுத் தொடங்குங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். பிள்ளை இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, பின்னால் குடும்பத்தோடு அங்கே குடியேறும் எண்ணம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

2. ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதெதில் யார் நம்பர் கொடுத்திருக்கிறது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஆதார், ஸ்கூல் ஆப், கேஸ் புக்கிங், குழந்தை டாக்டரின் டோக்கன், ரேஷன் கார்டு, எல்லாமே அவள் நம்பர். ரோமிங் போட்டு வைத்தால் அங்கேயும் ஓடிபி வரும்தான். ஆனால் டியூட்டியில் போன் லாக்கரில் இருக்கும், ஓடிபிக்கு ஆயுள் பத்து நிமிஷம். ஒரு முறை நான் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து இரண்டரை மணிக்கு அனுப்பிய ஓடிபியை அவள் எனக்கு அனுப்பியது ஏழு மணிக்கு, கூடவே ஒரு அழுகை பொம்மை.

பிள்ளைகளின் ஆதாரில் நம்பரை மாற்றுவது தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ முடியும், கட்டணம் இப்போது 75 ரூபாய். அவர் நம்பரை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தால் சிம் போய்விடும், அவருடைய வங்கி ஓடிபியும் அதோடு போய்விடும்.

3. பிள்ளையின் பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றா?

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் ஒன்று. தாத்தா ஆசைப்பட்டு வைத்த பெயர் பிறப்புச் சான்றில் இருக்கும், ஃபாதர் வைத்தது ஆதாரில் இருக்கும். இனிஷியல் முன்னால் ஒரு தாளில், பின்னால் ஒரு தாளில். இதெல்லாம் எல்கேஜி சேர்க்கையின்போது சேர்ந்து தலையில் விழும்.

பிறப்புச் சான்றை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் வைக்காமலே பதிவு செய்திருந்தால் ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வருஷம் வரை சேர்க்கலாம். சான்றை இணையத்தில் எடுக்கும்போது எழுத்துப் பிழை இருந்தால் அதே நாளில் திருத்த மனுக் கொடுங்கள். அம்மா பெயரில் பிழை என்றால் அதைத் திருத்த அவருடைய ஆதாரங்கள்தான் கேட்பார்கள், ஆகவே இதுவும் அவர் போகும் முன் முடிக்க வேண்டிய கணக்கில் சேரும்.

ஐந்து வயதுக்குள் எடுக்கும் ஆதாரில் (நீல நிறத்தில் வருவது) பிள்ளையின் கைரேகை இருக்காது, அப்பா அம்மாவில் ஒருவருடைய ரேகையை வைத்து எடுப்பார்கள். ஐந்து முடிந்ததும் ரேகையும் கண்ணும் பதிய வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் போனால் இலவசம். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றும் இ-சேவையில் தலா 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ என்று மேலே போய் வரப் பத்து பதினைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவார்கள், பிப்ரவரியில் போடுகிறவன் புத்திசாலி.

4. தடுப்பூசி அட்டை

அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து உங்கள் போனில் போடுங்கள். என் விஷயத்தில், அன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெறுங்கையோடு போய் நின்றேன். கிராம சுகாதார செவிலியர் அக்கா முதலில் கேட்டது ‘பிள்ளைக்க அம்மை எங்க?’ என்று, அம்மாவைத்தான். சொன்னேன். ‘அட்டை?’ என்றார். அதையும் சொன்னேன். சிரித்துவிட்டு, அவருடைய பெரிய ரெஜிஸ்டரைத் திறந்து, மகனின் பிக்மி எண்ணை வைத்துப் பழைய ஊசிகளையெல்லாம் பார்த்துப் புது அட்டை எழுதித்தந்தார். அந்த எண் கர்ப்பகாலத்தில் அம்மா பெயரில் பதிந்தது, பிறப்புச் சான்றுக்கும் அதுதான் கேட்பார்கள். மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பொதுவாகத் தடுப்பூசி புதன்கிழமைதான். ஒன்பது மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாவது ஊசியும் முத்தடுப்பு பூஸ்டரும், அப்புறம் ஐந்து வயதில் ஒரு பூஸ்டர். இந்த ஐந்து வயது ஊசியைத்தான் அப்பாக்கள் மறக்கிறோம், இடையில் மூன்று வருஷம் ஒன்றும் இல்லாததால் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

5. பள்ளிச் சேர்க்கை, அங்கன்வாடி

இரண்டு வயது தாண்டிய பிள்ளையை அங்கன்வாடியில் விடலாம், காசு இல்லை, மதியச் சாப்பாடும் சத்துமாவும் கிடைக்கும். ‘குவைத் காசு வருது, பிள்ளைய அங்கன்வாடியில விடுறான்’ என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடியது. விட்டேன். வீட்டிலிருந்து நூறு அடி தூரம், எனக்குப் பகலில் வேலை செய்ய நாலைந்து மணி நேரம் கிடைத்தது அங்கேதான்.

தனியார் பள்ளியில் ஆர்டிஇ என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எல்கேஜி போட நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம்ம மாவட்டத்தில் பேர்பெற்ற பள்ளிகளில் நிறைய சிறுபான்மையினர் நடத்துவது. 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எத்தனை பள்ளி மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு அலையுங்கள். வயது ஜூலை 31இல் மூன்று முடிந்திருக்க வேண்டும். வருமானப் பிரிவில் இரண்டு லட்சம் வரம்பு இருப்பதால் வெளிநாட்டுச் சம்பளம் வரும் வீடு அதில் வராது, சாதிச் சான்றை வைத்துப் போடும் பிரிவுக்கு அந்த வரம்பு இல்லை.

சேர்ந்த அன்றே வகுப்பு டீச்சரிடம் சொல்லி வாட்ஸப் குழுவில் உங்கள் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். குழுவில் மீதி முப்பத்தெட்டு பேரும் அம்மாக்களாக இருப்பார்கள், பரவாயில்லை. நான் முதல் ஆறு மாதம் கூச்சப்பட்டு வாயே திறக்கவில்லை. அதனால் ஒரு கலர் டிரஸ் நாளில் மகள் மட்டும் யூனிபார்மில் போய், சாயங்காலம் வேனை விட்டு இறங்கினதும் என்னோடு பேசவே இல்லை.

6. வேலையை எப்படி வைத்துக்கொள்வது

லீவு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: தனியாரில் அப்பாவுக்கு லீவு கொடுக்கச் சட்டம் கிடையாது. மத்திய அரசு ஊழியருக்குப் பிரசவ சமயத்தில் 15 நாள் உண்டு. 730 நாள் பிள்ளை பராமரிப்பு விடுப்பு ஆண்களுக்கும் உண்டு என்று யாராவது சொன்னால் முழுசாகக் கேளுங்கள், அது மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், மணமாகாதவர் என்று தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணுக்கு. மனைவி வெளிநாட்டில் இருப்பது அந்தக் கணக்கில் வராது.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல். அவள் புறப்பட்ட மூன்றாம் வாரமே தெரிந்துவிட்டது, இது நடக்காது. வேலையை விட்டு, மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் உள்ள கடைகளுக்கு வீட்டிலிருந்து ஜிஎஸ்டி பார்க்கிறேன். வருமானம் பாதியானது, மறைக்க ஒன்றுமில்லை. விடுவதற்கு முன் ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

இந்த வேலையில் தேதி அசையாது. கடைக்காரர்களுக்காக நான் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி படிவங்களில் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, வரி கட்டும் 3பிக்கு 20, காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்பவர்களுக்கு 13, 22. பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும் சரியாகப் பத்தொன்பதாம் தேதிதான். அதனால் கடைக்காரர்களிடம் பில்லை ஐந்தாம் தேதிக்குள் கேட்கிறேன், பதினைந்துக்குள் 3பியை முடித்து வைக்கிறேன். உங்கள் வேலை எதுவாக இருந்தாலும் அசையாத தேதிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் முந்தைய தேதியைத்தான் கடைசி நாள் என்று நம்புங்கள்.

பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கலாம் என்ற நினைப்பை முதல் மாதமே விட்டுவிடுங்கள். எனக்கு ஒன்பதரையிலிருந்து மூன்று வரை, அப்புறம் இரவு ஒன்பதரைக்கு மேல் ஒன்றரை மணி நேரம். இடையில் ஒன்றும் நடக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளும் உண்டு, இன்வெர்ட்டருக்குச் செலவழித்த பணம் எனக்கு மூன்றே மாதத்தில் திரும்பிவிட்டது.

7. காலை ஏழரை மணி

ரெட்டைச் சடை. எந்தக் கட்டுரையிலும் இது இருக்காது, ஆனால் என்னை முதல் மாதம் அழவைத்தது இதுதான். நடு வகிடு நேராக வர வேண்டும், சீப்பின் முனையை நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பில் கொண்டு போக வேண்டும், நடுவில் நிறுத்தினால் கோணும். எண்ணெய் முந்தின ராத்திரியே வையுங்கள். சடையை மடித்துக் கட்டும்போது ரிப்பனின் இரண்டு முனையும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு மைனி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொல்லித்தந்தார். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

இந்த நேரத்தைத்தான் நாங்கள் வீடியோ காலுக்கும் வைத்திருக்கிறோம். குவைத்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், இங்கே ஏழரை என்றால் அங்கே ஐந்து, அவள் டியூட்டிக்குக் கிளம்பும் நேரம். ராத்திரி பேசலாம் என்று நினைத்தால் அவள் டியூட்டி முடிந்து வரும்போது இங்கே பத்து மணி, பிள்ளைகள் தூங்கியிருக்கும். போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவேன். ‘இடது பக்கம் லூசா இருக்கு’ என்று குவைத்திலிருந்து சத்தம் வரும்.

சாப்பாட்டைப் பெரிதாக இழுத்துக்கொள்ளாதீர்கள். சின்னவனுக்கு மட்டிப்பழமும் ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சினதும், பெரியவளுக்குத் தோசை, மத்தியானம் எல்லோருக்கும் சோறும் சாளைக் குழம்பும். மீன்காரம்மா கழுவி வெட்டித் தருவார், கூட இருபது ரூபாய்.

8. காய்ச்சல் வரும் ராத்திரிக்கு முன்பே

பிள்ளைகளின் எடையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துத் தேதியோடு ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு இருக்கிறது, பாட்டில் ஒன்றுபோலவே இருக்கும். சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. பழைய பாட்டில் அளவைப் புது பாட்டிலுக்குப் போடாதீர்கள். எந்த பாட்டிலில் எத்தனை மில்லி என்று டாக்டரைக் கேட்டு பாட்டில் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. நடு ராத்திரியில் எங்கே போவது, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜா தக்கலை ஆஸ்பத்திரியா என்பதைப் பகலிலேயே முடிவு செய்யுங்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இன்னொன்றை யார் வீட்டில் விடுவது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. அந்த வீட்டுச் சாவி உங்களிடமும் உங்கள் சாவி அவர்களிடமும் இருக்கட்டும்.

9. மழை லீவு

இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. ஜூனிலும் விழும், அக்டோபர் நவம்பரிலும் விழும். கலெக்டர் லீவு அறிவிப்பு சில நாள் காலை ஆறரைக்கு மேல்தான் வரும், அதற்குள் டிபன் பாக்ஸ் கட்டியாகிவிடும். இந்த நாட்களுக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும். நானும் இதே நிலையில் உள்ள இன்னொரு அப்பாவும் முறை வைத்திருக்கிறோம், ஒரு மழை லீவுக்கு நாலு பிள்ளைகளும் என் வீட்டில், அடுத்ததற்கு அவர் வீட்டில். மற்றவருக்கு ஒரு முழு நாள் வேலை ஓடும்.

என் மாதச் செலவையும் சொல்லிவிடுகிறேன்: வேன் 1,300, காலையில் இரண்டு மணி நேரம் பாத்திரத்துக்கும் துணிக்கும் வரும் அக்காவுக்கு 4,500, சாயங்காலம் மகளின் டியூஷன் 600. இடத்துக்கு இடம் மாறும், ஆனால் உதவிக்கு ஆள் வைப்பதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

10. அவர் லீவில் வரும் முப்பது நாள்

கையெழுத்து வேலை வருஷம் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். அதற்கென்று ஒரு ஃபைல் வையுங்கள். முதல் தடவை அவள் வந்தபோது வங்கி, தபால் நிலையம், இ-சேவை என்று ஒன்பது நாள் போய்விட்டது, பத்தாம் நாள் மகள் ‘அம்மா எனக்கு லீவுக்கு வந்தாளா பேங்குக்கு வந்தாளா’ என்று கேட்டாள். இப்போதெல்லாம் படிவங்களை நிரப்பி, பென்சிலால் கையெழுத்து இடத்தைக் குறித்து, வங்கி மேனேஜரிடம் நேரம் கேட்டு வைத்துவிடுகிறேன், வந்த இரண்டாம் மூன்றாம் நாளில் முடித்துவிடுவோம். போன தடவை அவள் இறங்கிய மறுநாள் வங்கி விடுமுறை. அதிலிருந்து அவள் டிக்கெட் அனுப்பியதும் நான் முதலில் திறப்பது காலண்டரை.